செல்ஃப் எடுக்காத லாரியை எடைக்குப் போடுவீர்களா?

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பஞ்சமில்லை. காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் பேட்டரியைப் பார்ப்பார்கள், மோட்டாரைக் கழற்றுவார்கள். வண்டியை எடைக்குப் போடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் நம் புத்தி எங்கே போகிறது?

எதிர்வீட்டு அம்மா விசைத்தறி ஓட்டுபவர். மூத்த மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில்தான் இளையவன் காலேஜ் படிக்கிறான். ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. பையன் புது எஸ்எஸ்டி வாங்கி, பழையதில் இருந்த லினக்ஸை ஒரு ஃபைல் விடாமல் காப்பி செய்து உள்ளே மாட்டினான். ஆன் செய்தால் கருப்புத் திரை, மினுக்கும் கர்சர், அவ்வளவுதான். ஒரு கடையில், "இந்த போர்டு எஸ்எஸ்டியை ஏத்துக்காது, புதுசு வாங்கிடுங்க, முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்களாம். சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிய அம்மா என்னிடம் வந்து, "வாங்கித்தான் ஆகோணுங்களா சார்?" என்றார்.

வேண்டியதில்லை. போர்டு மேல் ஒரு குற்றமும் இல்லை.

பழைய பயாஸ் கணினி முதலில் படிப்பது டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை. அதில் 446 பைட் துவக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட் முத்திரை. இந்த இடம் எந்த ஃபைலுக்குள்ளும் இல்லை. ஃபைல்களைக் காப்பி செய்தால் அது கூட வராது. லாரியில் சரக்கு ஏற்றியாயிற்று, செல்ஃப் மோட்டார்தான் மாட்டவில்லை.

செய்தது இதுதான். பென் டிரைவில் லினக்ஸை ஓடவிட்டு, புது டிஸ்க் எது என்று அளவை வைத்து உறுதி செய்தோம். டிஸ்க் மாறினால் வம்பு. அதை மவுண்ட் செய்து, டெவ், பிராக், சிஸ் மூன்றையும் அதனுள் இணைத்து, சி-ரூட் மூலம் நுழைந்தோம். ஃபார்மட் செய்ததும் டிஸ்கின் யுயுஐடி எண் மாறிவிடும். அதனால் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது எண்ணை எழுதினோம். பிறகு கிரப்-இன்ஸ்டால், அடுத்து அப்டேட்-கிரப். கிரப்பைப் பார்ட்டிஷனில் அல்ல, முழு டிஸ்கின் பெயரில் போட வேண்டும். யுஇஎஃப்ஐ கணினி என்றால் ஃபேட்32-இல் தனியாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் வேண்டும். அரை மணி நேரம் ஆகவில்லை. மெஷின் எழுந்தது.

"எல்லாரும் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்பார்கள். வேண்டாம். ஆனால் கூலி வாங்கிப் பழுது பார்ப்பவர் கற்கத்தான் வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லட்டும். மெஷின் மேல் பழி போட்டு ஏழையின் நகையை அடகுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

நம் மேலும் தப்பு உண்டு. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பிள்ளைகள் கைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்த வீடுகள் எத்தனை? நானும் ஆசிரியனாக இருந்தவன்தான், ஒரு பிள்ளைக்கும் காட்டவில்லை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. ஓடுகிற மெஷினை எல்லாம் தூக்கிப்போடச் சொல்லும் பேச்சு இனி அதிகமாகும். அப்போது பர்ஸை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பூட் லோடர் போட்டுப் பார்த்தீங்களா?"

பதில் வரத் தாமதமானால், மெஷினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.