தொழிற்பகுதி: பார்கோடு லேபிளுக்கு ஏற்ற அச்சு எது?

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், அப்பளம், வடகம், பருப்புப்பொடி, ஊறுகாய், தோசை மாவு முதலியவற்றைச் செய்து விற்கும் சிறு தொழில் நடைபெற்று வருகிறது. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் தெரிந்தவர்களுக்கு விற்கும் வரையில் கைப்பக்குவமும் வாய்ச்சொல்லும் போதுமானவை. பெரிய கடையின் அடுக்கில் பொருளை வைக்க விரும்பும்போது, "பார்கோடு உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. எந்த அச்சுப்பொறியை வாங்குவது, பொறி வாங்கத்தான் வேண்டுமா என்னும் ஐயங்களும் உடன் எழுகின்றன. அவற்றை இத்திங்கள் ஆராய்வோம்.

பார்கோடு என்னும் பட்டைக் குறி, எண்களைக் கோடுகளாக எழுதும் முறையே ஆகும். அமெரிக்கராகிய உட்லண்டு, சில்வர் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1974 ஜூன் 26ஆம் நாள் ஒகையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், இன்றைய வணிகக் குறியின் முன்னோடி ஒரு சூயிங்கம் பொட்டலத்தின்மீது முதன்முதலாகக் கருவியால் படிக்கப்பட்டது. நம் நாட்டில் இவ்வெண்களை வழங்குவது ஜிஎஸ்1 இந்தியா என்னும் அமைப்பு. அதன் எண்கள் 890 என்று தொடங்கும். மொத்தம் 13 இலக்கங்கள். இறுதி இலக்கம், முன்னுள்ள பன்னிரண்டும் பிழையின்றிப் படிக்கப்பட்டனவா என்று சரிபார்ப்பதற்காக அமைந்தது. இவ்வெண்ணுக்குள் விலை இல்லை. விலை கடையின் கணிப்பொறியில் இருக்கிறது. 100 கிராம் பொட்டலத்துக்கு ஓர் எண், 200 கிராம் பொட்டலத்துக்கு வேறோர் எண் எனத் தனித்தனியே பெறுதல் வேண்டும். பிறர் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வதும், தாமே ஓர் எண்ணைப் புனைந்துகொள்வதும் கடையில் பெருங்குழப்பம் விளைக்கும்.

எண் கிடைத்தபின் அச்சைப் பற்றி எண்ணலாம். அச்சுப்பொறியின் விலையைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. லேபிள் எத்தனை நாள் நிலைக்க வேண்டும்? வெயில், எண்ணெய், ஈரம் இவற்றுள் எது அதனைத் தொடும்? திங்கள்தோறும் எத்தனை லேபிள்கள் தேவை? இவற்றுக்கு விடை கண்டால், ஏற்ற முறை தானே விளங்கும்.

வணிகர் 'டைரக்ட் தெர்மல்' என்று கூறும் நேர் வெப்ப அச்சில் மையும் இல்லை, ரிப்பனும் இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சுடைய தாளில், சூடான அச்சுமுனை எழுத்தைத் தோற்றுவிக்கிறது. பொறி எளியது; செலவும் குறைவு. ஆனால் எழுதிய வெப்பமே அதனை அழிக்கவும் வல்லது. தில்லியின் வேனிலில் மூடிய வண்டிக்குள் கிடந்தால் தாள் முழுதும் கறுத்துப்போகலாம். வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் எழுத்து வெளிறிவிடும். சில நாள்களில் விற்றுத் தீரும் தோசை மாவுக்கு இது தகும். அதற்கும் குளிர்பெட்டியின் ஈரம் தாங்கும் மேற்பூச்சுள்ள லேபிளே வேண்டும். ஆறு திங்கள் அடுக்கில் இருக்கும் ஊறுகாய்க்கு இது சற்றும் தகாது. ஒரு லேபிள் இவ்வகையைச் சேர்ந்ததா என்றறிய, நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் அது வெப்பத்தாளே.

'தெர்மல் டிரான்ஸ்ஃபர்' என்னும் இரண்டாவது முறையில், ரிப்பனில் உள்ள மை வெப்பத்தால் உருகி லேபிளில் படிகிறது. மெழுகு ரிப்பன் சாதாரணத் தாளுக்கு ஏற்றது. அப்பளத்துக்கும் உலர்ந்த பொடிக்கும் அது போதும். எண்ணெய் வழியும் ஊறுகாய்ப் புட்டிக்குப் பிளாஸ்டிக் லேபிளும் ரெசின் ரிப்பனும் வேண்டும். இரண்டும் கலந்த 'வாக்ஸ் ரெசின்' இடைப்பட்டது. ரிப்பன் லேபிளைவிடச் சிறிது அகலமாக இருந்தால் அச்சுமுனை தேயாமல் காக்கப்படும். இவ்வகைப் பொறிகளுள் பெரும்பாலானவை ரிப்பனைக் கழற்றிவிட்டு வெப்பத்தாளிலும் அச்சிடக்கூடியவை. ஆகவே, மாவும் ஊறுகாயும் ஒருங்கே விற்கும் இல்லத்துக்கு இதுவே சிக்கனமானது.

திங்களுக்கு நூறு, இருநூறு லேபிள்களே தேவைப்படுவோர் உடனே பொறி வாங்க வேண்டுவதில்லை. ஒட்டும் தாள்களில் லேசர் அச்சு எடுத்துக்கொள்ளலாம். பாதி பயன்படுத்திய தாளை மீண்டும் பொறிக்குள் செலுத்தலாகாது. பசை உருளையில் ஒட்டிப் பழுதாக்கும். சாதாரண இங்க்ஜெட் மை நீர் பட்டால் கசியும். ஒரே பொருளுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுவோர் அச்சகத்தில் பையோடு சேர்த்தே பார்கோடை அச்சிட்டுக்கொள்வது நலம். அவ்வாறு செய்யும்போது விலை, தயாரித்த நாள், தொகுதி எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டு, அவற்றைப் பின்னர்த் தனியே பதிக்க வேண்டும். இன்றேல் விலை மாறும்போது பைகள் யாவும் வீணாகும்.

அளவில் பலரும் இடறுகின்றனர். 13 இலக்கக் குறியின் வழக்கமான அகலம், இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர். அதன் மிக மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர், 0.264க்குக் கீழே குறைக்கலாகாது. அங்குலத்துக்கு 203 புள்ளி இடும் பொறியில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். இரு புள்ளி வைத்தால் 0.25, அது போதாது. மூன்று புள்ளி வைத்தால் 0.375 ஆகி, முழுக் குறியும் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் அகலம் கொள்ளும். ஆதலால் 50 மில்லிமீட்டர் அகல லேபிளைக் கேட்டு வாங்குங்கள். இடம் போதவில்லை என்று கணிப்பொறியில் படத்தைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால், கோடுகளின் விகிதம் கெட்டுப் படிக்கும் கருவி திகைத்து நிற்கும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். கடைக் கருவிகள் பல சிவப்பொளியால் பார்க்கின்றன. அவ்வொளியில் சிவப்புக் கோடு வெண்மையாகவே தோன்றும். மங்கலத்துக்கென்று குங்கும நிறத்தில் குறியை அச்சிட்டால், நம் கண்ணுக்கு அழகாயிருக்கும். கருவிக்கு அங்கே ஒன்றும் இராது. வெள்ளைமேல் கறுப்பே குற்றமற்றது. பையின் மடிப்பிலும் ஒட்டுவாயிலும் லேபிளை ஒட்டாதீர்கள். சிறு புட்டியாயின், கோடுகள் ஏணிப்படிபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அமையுமாறு ஒட்டுங்கள்.

பொறி வாங்குமுன் பத்து லேபிள்கள் அச்சிட்டுத் தருமாறு கேளுங்கள். ஒன்றில் நல்லெண்ணெய் தடவுங்கள். ஒன்றை வெயிலிலும் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து அவற்றைக் கடைக்கு எடுத்துச் சென்று படித்துப் பாருங்கள். விற்பவர் கூறும் புகழுரையைவிட இச்சோதனையே உறுதியான சான்று.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். குறி படியாத பொட்டலத்தைக் கடைப் பணியாளர் ஒதுக்கி வைப்பார். வரிசையில் நிற்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்வார். அதே லேபிளில் உயர்ந்தபட்ச விலையும் நிகர எடையும் நாளும் இருக்குமாயின், அவை வெளிறுவது சட்டப்படியும் குற்றமாகும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் அவை தெளிவாகத் தெரிய வேண்டும் என்கின்றன. ஊறுகாய் கெடாமலிருக்க, அதன்மேல் ஒட்டிய எழுத்து கெட்டதனால் பெட்டி பெட்டியாகச் சரக்குத் திரும்பி வருமாயின், அது ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு. சரக்கின் தரத்துக்குக் காட்டும் அக்கறையை அதன் லேபிளுக்கும் காட்டுமாறு நம் அன்பர்களை வேண்டுகிறோம்.