ஒற்றைச் சாவியை நம்பலாமா?

குடோனுக்கு எத்தனை சாவி என்று நம்மில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். கடையில் ஒன்று, வீட்டு பீரோவில் ஒன்று. கல்லாப் பெட்டிக்கும் அப்படியே. வாசலில் நிற்கும் பழைய காருக்கு எத்தனை சாவி என்று கேட்டால்தான் பலரும் விழிக்கிறோம். நாமும் அப்படி விழித்தவர்களே. பட்ட பிறகு வந்த அறிவை வணிகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

நம்மிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு மாடல் கார். பழைய காராக வாங்கியபோது விற்றவர் ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்றைத் தேடித் தருவதாகச் சொன்னார். விலை படிந்த மகிழ்ச்சியில் நாமும் அதை விட்டுவிட்டோம். ஆறு ஆண்டுகள் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், வெளியூர் வசூலுக்குப் போன இடத்தில் அந்த ஒரு சாவியும் தொலைந்தது.

தெருவோரச் சாவிக்காரர் வந்தார். கதவுப் பூட்டைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் சாவி வெட்டிவிட்டார். கதவு திறந்தது, ஸ்டியரிங் பூட்டும் விட்டது. ஆனால் இன்ஜின் இரண்டு விநாடி உறுமி அணைந்துவிட்டது. "அண்ணாச்சி, வெட்டுறது என் வேலை. சாவிக்குள்ள சிப்பு இருக்கு. அதுக்கு வேற மிஷின் வேணும்" என்று கூலியைக் கூடக் குறைத்து வாங்கிக்கொண்டு போனார்.

அதுதான் இம்மொபிலைசர். சாவியின் தலைப் பகுதியில் பேட்டரி இல்லாத சிறு சிப் ஒன்று இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சக்தி கொடுத்து, அதன் குறியீட்டைப் படிக்கும். வண்டியின் நினைவகத்தில் பதிவான குறியீட்டோடு அது ஒத்துப்போனால்தான் இன்ஜின் ஓடும். ஒயரை இணைத்துக் காரைக் கிளப்பும் திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, சாவியைத் தொலைத்த உரிமையாளரையும் தெருவில் நிறுத்துகிறது.

காரை இழுவை வண்டியில் ஏற்றி ஒரு சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர், பூட்டு செட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், சாமான் வர 15 நாள் ஆகும் என்றார்கள். கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு பழைய மொபெட் வாங்கலாம். பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, நகரத்தில் புரோகிராமிங் மிஷின் வைத்திருக்கும் சாவிக் கடைக்காரர் வந்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார். அதில் கால் பங்குச் செலவில், ஒரே பிற்பகலில் இரண்டு சாவி செய்து கொடுத்தார்.

பணம் போனது பெரிதல்ல. மூன்று நாள் வசூல் நின்றது. சனிக்கிழமை மில்லுக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு, வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாகத் தவணை கேட்டோம். மில்காரர் பெருந்தன்மையாகச் சரி என்றார். ஆனாலும் அந்த ஒரு போன் பேசக் கூசிய கூச்சம் இன்னும் போகவில்லை. நம் தொழிலுக்கு நாணயம்தானே முதல்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒரு சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்றைச் செய்துகொள்ளுங்கள். பல மாடல்களில் அது எளிய வேலை. எல்லாச் சாவியும் தொலைந்தால் கம்பெனியின் இரகசியக் குறியீடு வேண்டும், அல்லது கம்ப்யூட்டரைக் கழற்றி நினைவகத்தைப் படிக்க வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். புதுச் சாவி பதியும்போது, தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அழித்தாலும் பழைய சாவி கதவைத் திறக்கும் என்பதால், வசூல் பையைக் காரில் வைக்காதீர்கள். சாவி தொலைந்ததைக் காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கார் களவுபோனால் எல்லாச் சாவிகளையும் கேட்பது இன்சூரன்ஸ்காரர்களின் வழக்கம். பழைய கார் வாங்கும்போது இரண்டாவது சாவி இல்லையென்றால், அதற்கான செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. விற்ற வண்டி ஓடும் காலம் வரை, உரிமையாளருக்குச் சாவியும் குறியீடும் நியாய விலையில் கிடைக்க வேண்டும். அமெரிக்காவில் நாஸ்டஃப் என்ற அமைப்பின் மூலம், பின்னணி சரிபார்த்துப் பதிவு செய்த பூட்டுத் தொழிலாளர்களுக்குச் சாவிக் குறியீடு கிடைக்கிறது. இங்கும் அப்படிச் செய்தால் திருடனுக்கும் வழி திறக்காது, சிறிய சாவிக் கடைக்காரரின் பிழைப்பும் அடைபடாது. அவரும் நம்மைப் போல் கடை வைத்துப் பிழைப்பவர்தானே! மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் திட்டத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. அதில் சாவியையும் சேர்க்கச் சொல்லி நம் சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்பது நமது கோரிக்கை.

தீர்மானம் வரும்போது வரட்டும். இன்று இரவு கடை சாத்தும்போது, காருக்கு எத்தனை சாவி என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், நாளைக் காலை முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.