அன்றைக்கு மட்டும்…



முரசுமோட்டைப் பெடியள் கைத்தொலைபேசியில் என்னென்ன நாடகம் பார்க்கிறார்கள் என்று கேட்டால் தலை சுற்றும். கொரியா, துருக்கி, ஸ்பெயின் என்று ஒரு உலகச் சுற்றுலாவே போகிறார்கள். அவர்களில் ஒருவர் 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரைப் பற்றி எங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அது அடுத்த இதழில் வரும். திருத்த உட்கார்ந்த சாக்கில் தொடரை முழுதாகப் பார்த்து முடித்துவிட்டேன். மூன்று பருவங்கள், 26 பாகங்கள். இந்தப் பக்கத்தில் வேறு விஷயம் எழுத இருந்தேன், அது பிந்தட்டும்.

'டார்க்' விதியைப் பற்றியது. அப்படியான தொலைக்காட்சி நாடகம் தமிழருக்குப் புதிதல்ல. இந்திரா சௌந்தரராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' கிராமத்துச் சாமியையும் மனநோயையும் ஒரே முடிச்சில் கட்டியது. அதே இருவரின் 'சிதம்பர ரகசியம்' நாடிச் சோதிட ஓலைகளைச் சுற்றி ஓடியது. அந்தக் காலத்தில் வன்னியில் மின்சாரம் ஏது? எங்களில் பலர் அவற்றைப் பிறகுதான் பார்த்தோம். ஓலையில் எழுதியது நடக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. 'டார்க்' கேட்பது இன்னும் கொடிய கேள்வி: எழுதியதை அழிக்கப் போகிறவனே அதை எழுதியவனாக இருந்தால்?

தொடரைப் பார்க்க இருப்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

பாரன் போ ஓடார், யான்ட்யே ஃபிரீசே என்ற தம்பதியர் உருவாக்கி 2017 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் தொடங்கிய கதை இது. வின்டன் என்றொரு கற்பனை ஊர். அணுமின் நிலையம், காடு, காட்டுக்குள் ஒரு குகை. குகைக்குள் போனால் 33 ஆண்டுகள் பின்னால் வெளியே வரலாம்: 2019, 1986, 1953. யோனாஸ் என்ற பெடியனின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டவர். அதைத் தடுக்க, சாவுக்கு முதல் நாளுக்கே மகன் திரும்பிப் போகிறான். அங்கே பார்த்தால் தகப்பனுக்குச் சாகும் எண்ணமே இல்லை. மகன் வந்து மன்றாடியதில்தான், தான் செய்யப்போவது இன்னதென்று அவருக்குத் தெரியவருகிறது.

உல்ரிக்கின் கதை இன்னும் நோகிறது. அவருடைய சின்ன மகன் காணாமல் போய்விட்டான். தேடிக் குகைக்குள் இறங்கியவர் 1953இல் போய் விழுகிறார். பின்னாளில் பிள்ளைகளைப் பிடிக்கப்போகிறவன் இவன்தான் என்று நினைத்து ஒரு சிறுவனைக் கல்லால் அடிக்கிறார். சிறுவன் சாகவில்லை. உல்ரிக் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டுக் கிழவனாகிறார். மகனோ 1986இல் சிறுவனாகவே வந்து இறங்கியிருக்கிறான். கிழவனும் சிறுவனுமாக இருவரும் சந்திக்கிறார்கள். ஓடித்தப்பப் பார்க்கும்போது பொலிஸ் பிடித்துவிடுகிறது.

கதையில் உலகம் அழியும் நாள் 2020 ஜூன் 27. கடைசிப் பருவத்தையும் அதே நாளில் வெளியிட்டார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. பருவம் அவ்வளவு பிடிக்கவில்லை. உறவுமுறைகளைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டுதான் பார்க்க முடிகிறது. நோவா என்ற பாதிரியாரும் அவருடைய கூட்டமும் சுவர்க்கத்தைப் பற்றிப் பேசும் இடங்கள் வெறும் பிரசங்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என்ன என்று முடிவில் தெரியும்போது நான் அசையாமல் இருந்துவிட்டேன். டன்ஹவுஸ் என்ற மணிக்கூடு செய்பவர், மகனோடு வாய்த்தர்க்கம், மகன் மழைக்குள் குடும்பத்தோடு காரில் போய் விபத்தில் இறந்துபோகிறான். அந்த ஒரு இரவைத் திருப்பியெடுக்க அவர் கட்டிய இயந்திரத்தால்தான் இத்தனை சுழலும்.

இந்த இடத்தில் வின்டனை விட்டு நம் வீதிக்கு வருகிறேன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருக்கும் ஊர் முரசுமோட்டை. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்த கையோடு இந்த வீதியால்தான் சனம் கிழக்கே போனது: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். அந்த வழியால் போய்த் திரும்பிய எந்த வீட்டிலும் 'அன்றைக்கு மட்டும்' என்று தொடங்கும் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு மட்டும் அந்தப் பங்கருக்குள் இறங்காமல் இருந்திருந்தால். அன்றைக்கு மட்டும் அவனைத் தண்ணிக்கு அனுப்பாமல் இருந்திருந்தால். வன்னிக்காரருக்குக் குகை தேவையில்லை. படுத்தவுடன் 2009க்குப் போய்விடுகிறார்கள்.

பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாய்மார் குறிப்பையும் படத்தையும் எடுத்துக்கொண்டு சாத்திரம் கேட்கப் போவதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயுள் கெட்டி, மேற்குப் பக்கம் இருக்கிறான், ஆவணி கழியச் செய்தி வரும் என்று பதில் வரும். காசுக்காகச் சொல்பவரும் இருக்கிறார்கள், பார்த்திருக்கத் தாளாமல் சொல்பவரும் இருக்கிறார்கள். நான் அந்தத் தாய்மாரைக் குறைசொல்லப் போவதில்லை. தன் பிழையால்தான் பிள்ளை போனது என்று இரவெல்லாம் தன்னையே குத்திக்கொண்டிருப்பவளுக்கு 'இது எழுத்து' என்ற எண்ணம் கொஞ்சம் நித்திரை தரும். அந்த மட்டுக்கு விதி நல்ல மருந்து.

ஆனால் அதை யார் சொல்கிறார்கள் என்பது இருக்கிறது. இங்கேதான் வற்றாப்பளை அம்மன் நினைவுக்கு வருகிறாள். நந்திக்கடல் ஓரம், கடல்நீரில் விளக்கெரித்து வைகாசியில் பொங்கல் காணும் கண்ணகை. கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அவளுடைய கதை தெரியும். சிலப்பதிகாரத்தில் ஊழின் கதையும் வருகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தான். சங்கமனுடைய மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு, மலையிலிருந்து விழுந்து இறந்தாள். 'டார்க்' எழுதியவர்களுக்கே பிடித்துப்போகும் சுழல்.

மதுராபதித் தெய்வம் இதைக் கண்ணகிக்கு எப்போது சொல்கிறது என்று பாருங்கள். அவள் சிலம்போடு போய் அரசவையில் நின்று, பரலைக் காட்டி, தன் கணவன் கள்வன் அல்லன் என்று நிறுவிய பிறகு. பாண்டியன் தானே கள்வன் என்று ஒப்பி உயிர்விட்ட பிறகு. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது. பாண்டியனும் 'விதியம்மா, என்ன செய்வது' என்று அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் காப்பியமே இல்லை. முதலில் வழக்கு, பிறகுதான் ஊழ். இளங்கோ அந்த வரிசையை மாற்றவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20இல். அவர்களில் பல பெற்றோர் பதில் கேட்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டு நின்றவர்களிடம், நடந்தது நடந்துவிட்டது, தலையெழுத்து, இனி மறவுங்கள் என்று அதிகாரத்தில் இருப்பவரும் சொல்கிறார்கள், நம் ஊருக்குள்ளேயே வசதியாக இருப்பவரும் சொல்கிறார்கள். அதைச் சொல்லும் உரிமை அந்தத் தாய்க்கு மட்டும்தான் உண்டு. தன் பங்கை ஒளிக்க விரும்புகிறவனுடைய வாயில் விதி என்பது பொய்.

'அன்றைக்கு மட்டும்' என்று தொடங்கும் பேச்சு உங்கள் வீட்டிலும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சில பக்கங்களை அதற்கென்று ஒதுக்குகிறோம். பெயர் வேண்டாமென்றால் போடமாட்டோம். கையெழுத்தில் அனுப்பினால் போதும், தட்டச்சு வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்