பாஸ்போர்ட்டும் பன்னிரண்டு சிங்கங்களும்

பேக்கேஜ் டூரில் ஒரு சௌகரியம் உண்டு. எது தப்பாகப் போனாலும் கைடைத் திட்டலாம். முன்னால் ஒருவர் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். பின்னால் நாற்பது பேர் போவோம். பஸ் லேட்டானாலும், தயிர் சாதம் வராவிட்டாலும் அந்தக் குடைதான் பொறுப்பு. புருஷன் பெண்டாட்டி மட்டும் தனியாகக் கிளம்பினால் குடை கிடையாது. திட்டுவதற்கு அகப்படுவது ஒரே ஒரு ஆள். அது யார் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் போனது ஸ்பெயினின் தெற்குப் பகுதி, அந்தலூசியா. செவில், கார்டோபா, கிரனடா என்று மூன்று ஊர், பத்து நாள். திட்டம் முழுக்க என்னுடையது. ஃபைல் போட்டு, மூன்று கலர் பேனாவில் கோடு போட்டு வைத்திருந்தேன். மனைவியின் பங்கு ஒரு ஹேண்ட்பேக். அதில் எலுமிச்சை ஊறுகாயிலிருந்து சேஃப்டி பின் வரை சகலமும் இருக்கும்.

செவிலில் முதல் நாளே பச்சைக் கலர் கோடு காலி. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைத்தெருவுக்குப் போனால் பாதிக் கடை சாத்தியிருக்கிறது. ஊரே தூங்குகிறது! சரி, சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கலாம் என்று ராத்திரி ஏழு மணிக்கு ஓட்டலுக்குப் போனால், அடுப்பு பற்ற வைக்கவே எட்டரை ஆகும் என்கிறார்கள். வெளியே பார்த்தால் பட்டப்பகல் மாதிரி வெயில். ஜூன் மாதம் செவிலில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகிவிடுகிறது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது சார். பூகோளப்படி ஸ்பெயின் லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940-ல் பிராங்கோ ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, ஜெர்மனி நேரத்துக்கு மாற்றினார்கள். தள்ளினது தள்ளினதுதான், இன்று வரை திருப்பி வைக்கவில்லை. ஆனால் வயிறு பழைய நேரத்தில்தான் பசிக்கிறது. கோடையில் இன்னொரு மணி வேறு கூட்டுகிறார்கள்.

சைவம் என்றால் அங்கே இன்னொரு தமாஷ். 'சின் கார்னே' என்றால் மாமிசம் வேண்டாம் என்று அர்த்தம். மனப்பாடம் செய்து கம்பீரமாகச் சொன்னேன். சர்வர் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு ஒரு கிண்ணம் கொண்டு வந்தார். தக்காளியை அரைத்த குளிர்ந்த சூப், அதன் மேல் பொடியாக நறுக்கிய பன்றித் தொடை. கேட்டால், "இது கார்னே இல்லை, ஹமோன்" என்கிறார்! மனைவி பேசவே இல்லை. பக்கத்து மேஜையைப் பார்த்தாள், விரலால் காட்டினாள். கீரையும் கொண்டைக்கடலையும் வந்தது. மறுநாள் அதே விரல் கத்திரிக்காய் பஜ்ஜியை வரவழைத்தது, மேலே கரும்புப் பாகு ஊற்றி. (நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளவில்லை.)

செவில் தேவாலயத்து கிரால்டா கோபுரம் ஒரு காலத்தில் மசூதியின் கோபுரம். 104 மீட்டர். உள்ளே சுற்றிச் சுற்றிப் போவது படிக்கட்டு இல்லை, சரிவுப் பாதை. பாங்கு சொல்கிறவர் குதிரை மேலேயே ஏறிப் போவதற்காக அப்படிக் கட்டினார்களாம். எனக்குக் குதிரை இல்லை. ஏறி முடித்தபோது ஒரு வாரம் கழித்துத்தான் மூச்சு வரும் போலிருந்தது.

கார்டோபாவின் மசூதியை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் ஆரம்பித்தது. 850-க்கு மேல் தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். தென்னந்தோப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. தோப்புக்கு நட்டநடுவில் 16-ம் நூற்றாண்டில் ஒரு பெரிய தேவாலயத்தை எழுப்பிவிட்டார்கள். அனுமதி கொடுத்த ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியே பிறகு வந்து பார்த்து வருத்தப்பட்டதாக ஒரு கதை உண்டு.

"கூட்டுக் குடும்பத்து வீட்டுல நடுவுல சுவர் வச்சு பாகம் பிரிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. ஃபைலில் நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தைப் படிக்காமல் மூடிவிட்டேன்.

அடுத்தது கிரனடா. இந்தப் பயணமே அதற்காகத்தான். அவள் கல்லூரியில் படிக்கும்போது காலண்டர் ஒன்றில் அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றம் படம் வந்ததாம். அதைக் கிழித்து டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி பல வருஷம் எங்கள் பரணில் இருந்தது. நான்தான் பழைய இரும்புக்குப் போட்டேன்.

அல்ஹம்ப்ராவில் நாஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய டிக்கெட்டில் நேரம் போட்டிருக்கும். அந்த அரை மணிக்குள் போகாவிட்டால் அவ்வளவுதான். டிக்கெட்டில் பெயரும் இருக்கும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். எங்கள் நேரம் பத்தரை. ஒன்பதே முக்காலுக்கே வாசலில் நின்றோம். நான் சட்டைப் பையைத் தடவினேன். பேண்ட் பையைத் தடவினேன். பிறகு ஞாபகம் வந்தது. ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி, பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டு, அறையில் பூட்டி வைத்ததே நான்தான்.

அவள் ஹேண்ட்பேக்கிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள்.

"என்னுது?"

"உங்களதையும் எடுத்துக்கவான்னு ராத்திரி கேட்டேன். வேண்டாம்னீங்க."

எங்கள் அறை எதிர்க் குன்றில், அல்பைசின் பகுதியில். நடுவே பள்ளத்தில் ஆறு. "நீ உள்ளே போ, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். இறங்கி, ஏறி, சந்து மாறி, நாய் துரத்தி, பாஸ்போர்ட்டோடு மினி பஸ் பிடித்துத் திரும்பியபோது மணி பதினொன்று இருபது. அரண்மனை வாசலில் நின்ற மனிதர் கோபப்படவில்லை. மணிக்கட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கை காட்டினார்.

1492 ஜனவரி 2-ம் தேதி, போவப்தில் என்ற கடைசி சுல்தான் இந்தக் கோட்டையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான். மலைக் கணவாயில் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டானாம். பக்கத்தில் இருந்த அம்மா அதற்கும் திட்டினாளாம். கதைதான். அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவன் ரொம்ப நெருக்கமான சொந்தக்காரனாகத் தெரிந்தான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டோ எடுத்தியா?"

"ஒண்ணு கூட எடுக்கலை. நீங்க கூப்பிடுவீங்களோன்னு போனைக் கையிலேயே வச்சிருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு."

சொல்ல ஆரம்பித்தாள். தண்ணீர் சின்ன வாய்க்காலாக ரூமுக்குள்ளேயே வருகிறதாம். குளத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரிகிறதாம், காற்று வந்தால் கலைகிறதாம். தூதர்கள் மண்டபத்துக் கூரையை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மரத்துண்டுகளைக் கோத்துச் செய்திருக்கிறார்களாம். கடவுளைத் தவிர ஜெயிப்பவர் யாருமில்லை என்று சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறதாம். "எழுதினவங்களே தோத்துட்டாங்க, பாவம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசி நான் குறுக்கிடாமல் கேட்டது அன்றைக்குத்தான். சாயங்காலம் எங்கள் குன்றிலிருந்து பார்த்தால் எதிரே மொத்தக் கோட்டையும் சிவந்து நிற்கிறது. எந்த ஜன்னல் எந்த மண்டபம் என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு வந்ததும் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சிங்க முற்றம் பற்றிக் கேட்டார்கள். விட்டு வைப்பேனா? நீரூற்று, வாய்க்கால், சுற்றிலும் தூண்கள் என்று கையை வீசி வர்ணித்து, "நடுவுல பதினாறு சிங்கம் சார்!" என்றேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பன்னிரண்டு!"