ஆய்வுப் பெட்டிக்கு யார் பணம் கொடுப்பது?

ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில் அறிவியல் என்பது பெரும்பாலும் கரும்பலகையில் வரைந்த படமாகவே நின்றுவிடுகிறது. காந்தத்தைத் தொடாமலே காந்தவியலை மனப்பாடம் செய்கிறார்கள். லென்சைக் கையில் பிடிக்காமலே ஒளிவிலகலுக்கு விளக்கம் எழுதுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அனுபவவழிக் கற்றலைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது. அந்த அனுபவத்திற்கு வேண்டிய பொருள்களை யார் வாங்கித் தருவது என்று கேட்டால் மட்டும் அதன் குரல் தாழ்ந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கண்டறியப்பட்டிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம்தான் அது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்ற இரு அமைப்புகள் இதைத் தொடங்கின. 1978இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் திட்டம் விரிந்தது. பின்னர் 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு இதை முன்னெடுத்துச் சென்றது. குழந்தைகள் சிறு குழுக்களாக அமர்ந்து தாங்களே சோதனை செய்தனர், பார்த்ததை எழுதினர், விவாதித்தனர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனதில் எழுந்த கேள்விகளை ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். கேள்வி கேட்பதே பாடமாக இருந்த பள்ளி அது.

இந்தத் திட்டத்தைப் போற்றுவோர் பலர் அதன் புத்தகத்தைப் பற்றியே பேசுவார்கள். பள்ளிக்கு வந்து சேர்ந்த ஆய்வுப் பெட்டியும் அதே அளவு முக்கியமானது என்பது என் கருத்து. சோதனைக் குழாய் உடையும், வேதிப்பொருள் தீரும், காந்தம் வலுவிழக்கும். ஆகவே ஒருமுறை கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் நிரப்பப்பட வேண்டிய பெட்டி அது. அன்றைய காங்கிரஸ் மாநில அரசு 2002இல் இத்திட்டத்தையே மூடிவிட்டது.

அந்தச் சூழலில்தான் அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் கொண்டு வடிவியல் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். அதை இன்று ஆட்சியாளர்கள் தமக்குச் சாதகமாகத் திரித்துக்கொள்கிறார்கள். “குப்பையிலிருந்தே செய்யலாமே, நிதி எதற்கு?” என்று ஆசிரியரிடம் கேட்கிறார்கள். குறைந்த செலவு என்பதற்குச் செலவே இல்லை என்று பொருளல்ல. மேலும், வசதி படைத்தோரின் பள்ளிகளுக்கு ஆய்வகமும் ஏழைகளின் பள்ளிகளுக்குத் தீக்குச்சியும் என்று பங்கு பிரிக்க அவர் அதைச் செய்யவில்லை.

நிதியின் நிலையைப் பாருங்கள். சர்வ சிக்ஷா அபியான் காலத்தில், கற்பித்தல் பொருள்களுக்கென்றே ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் தனியாக ஒதுக்கப்பட்டது. அற்பத் தொகைதான், ஆனால் அதற்கென்று ஒரு தலைப்பு இருந்தது. 2018இல் வந்த சமக்ர சிக்ஷாவில் பள்ளிக்கு ஒரே கூட்டு மானியம் என்றானது. 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய். 251 முதல் 1,000 பேர் வரை உள்ள பள்ளிக்கு 75,000 ரூபாய். ஆயிரம் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு 75 ரூபாய் ஆகிறது, அதுவும் ஓர் ஆண்டு முழுமைக்கும்! மின்கட்டணம், குடிநீர், இணையம், பழுதான கருவிகளை மாற்றுதல், விளையாட்டுப் பொருள்கள், ஆய்வகம் எல்லாம் இதற்குள்தான். இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கவும் வேண்டும். மின்கட்டணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். லென்சு வாங்காவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. தலைமையாசிரியர் எதை வெட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

மறுபுறம், அடல் டிங்கரிங் ஆய்வகத்திற்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பிஎம் ஸ்ரீ திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு 27,360 கோடி ரூபாய். பயன்பெறுவன சுமார் 14,500 பள்ளிகள். நாட்டில் அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ 10 லட்சம். நூற்றுக்கு ஒன்றரைப் பள்ளியை அலங்கரித்து, அதை மாதிரி என்று காட்டுகிறார்கள். அந்தத் திட்டத்தில் கையெழுத்திட மறுத்ததற்காகத் தமிழ்நாட்டிற்கு 2024-25இல் வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கேரளத்திற்கும் மேற்கு வங்கத்திற்கும் இதே தண்டனை. ஒன்றிய அரசின் கொள்கையை ஏற்காத மாநிலத்தின் குழந்தைக்குப் பென்சில் கிடையாது என்பதுதான் இதன் பொருள்.

எஞ்சிய பள்ளிகளுக்கு 2021இல் ‘வித்யாஞ்சலி’ இணையதளம் வந்தது. பள்ளிகள் தமக்கு வேண்டியதைப் பட்டியலிட வேண்டும். தன்னார்வலரும் நிறுவனங்களும் மனமிருந்தால் தருவார்கள். தருகிறவர்களின் நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடை, கொடையாளர் வசிக்கும் நகரத்தைச் சுற்றியே விழும். பஸ்தரின் ஓராசிரியர் பள்ளி அவர் கண்ணில் படாது. உரிமையாக வரவேண்டியதற்கு மனுப் போடும் இடத்திற்குப் பள்ளி தள்ளப்படுகிறது.

பணமில்லை என்ற வாதம் எடுபடாது. கல்விக்கென்று 2004 முதல் செஸ் வசூலிக்கப்படுகிறது. இன்று வருமான வரி மீது சுகாதாரத்திற்கும் கல்விக்குமாக 4 விழுக்காடு. செஸ் தொகை மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுவதில்லை. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னது இன்றும் காகிதத்தில்தான் கிடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் அட்டவணையில், ஒவ்வொரு வகுப்பிற்கும் தேவைக்கேற்பக் கற்பித்தல்-கற்றல் பொருள்கள் வழங்கப்பட வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த, கூட்டு மானியத்திலிருந்து பிரித்து, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற தனித் தலைப்பு வேண்டும். அது பள்ளி திறக்கும் மாதத்திலேயே கைக்கு வரவேண்டும்; ஆண்டிறுதியில் வந்து அவசரமாகச் செலவுக் கணக்கு எழுதப்படும் பணத்தால் எந்தக் குழந்தையும் சோதனை செய்யப்போவதில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மானியம் எவ்வாறு செலவாகிறது என்று கண்காணிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. விவசாயத் தொழிலாளர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக் குழுக்கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இந்த ஆண்டு மானியம் எந்தத் தேதியில் வந்தது? அதில் குழந்தைகள் கையில் எடுத்துச் செய்து பார்க்கும் பொருள்களுக்குச் செலவானது எவ்வளவு?