வேலூர்க் கோட்டைக்குள் இருந்தவர்கள்

வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் அகழி, கருங்கல் மதில், ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்கள் என்று தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். தூண்கள் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கும்பெனியின் கைக்கு வந்தபின் அது முதன்மையாக ஒரு படைமுகாம். கூடவே ஒரு சிறை. எதிரி உள்ளே வராதிருக்க வெட்டிய அகழி, உள்ளிருப்பவர் வெளியேறாதிருக்கவும் உதவும் என்பதைக் கும்பெனியார் கண்டுகொண்டார்கள்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் குடும்பத்தை இங்கே குடிவைத்தார்கள். அதே மதிலுக்குள்தான் வெள்ளைக்காரப் படையும் சிப்பாய்களும். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் வந்தன. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். பாரக்குகளில் உறங்கிக்கொண்டிருந்த 69-ஆம் படைப்பிரிவினர் சுடப்பட்டனர். அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். பிறகு மாண்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில்.

திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டைச்சிறை அதனால் ஓய்ந்துவிடவில்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் வந்து, 1832-இல் இறக்கும்வரை இங்கே கைதியாக இருந்தான். ஆயுதக் கிடங்காகக் கிடந்த கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டது. அந்தக் கதை ஊரறியும். அதன்பிறகும் திப்பு மஹாலில் ஈழத்தவரைத் தடுத்துவைத்தோம் என்பதை அவ்வளவு விருப்பமாக யாரும் சொல்வதில்லை. 1995 ஆகஸ்ட்டில் 43 புலிகள் அங்கிருந்து சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். இம்முறை காவலுக்கு நின்றது கும்பெனியல்ல.

சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் எழுப்பினோம். கண்டி மன்னனுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். நினைவுகளை மதிலுக்கு வெளியே வைப்பது நமக்கு வசதியாக இருக்கிறது எனத் தோன்றுகிறது. உள்ளே மிஞ்சியவை பெயர்கள்: திப்பு மஹால், கண்டி மஹால். (1782-லேயே இறந்துவிட்ட ஹைதர் அலியின் பெயரிலும் ஒரு மஹால்!) இக்கட்டடங்களில் பிற்காலத்தில் காவலர் பயிற்சிப் பள்ளியும் நடந்திருக்கிறது.

இதைப் பழுதுபார்க்கும்போது எந்த நூற்றாண்டுக் கோட்டையாக அதை மீட்கிறோம் என்ற கேள்வியை நம் வரலாற்று ஆர்வலர்கள் எழுப்பவேண்டும். நாயக்கர் காலத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது. அந்த மஹால்களின் வாசலில் யார், எந்த ஆண்டுமுதல், யாருடைய ஆணையால் அடைபட்டிருந்தார் என்று எழுதிவைக்கலாம். பட்டியல் 1832-இல் நின்றுவிடக்கூடாது.