சம்பள நாளும் கொலையும்

கொலையை விதியின் செயல் என்பர் நம்மவர். எண்ணிப் பார்த்தாலோ, அதற்கும் கிழமையும் வேளையும் உண்டெனப் புலனாகும்.

தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியாவின் காலி நகரில், 1992இல் நகரத் தலைவரான ரொட்ரிகோ குரேரோ ஒரு மருத்துவர். கொள்ளைநோயை ஆராய்வது போலவே அவர் கொலைகளையும் ஆராய்ந்தார். வார இறுதி, இரவு, மது, துப்பாக்கி, சம்பள நாள் ஆகியன அவற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டின. எனவே சம்பளத்தை அடுத்த வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் துப்பாக்கி ஏந்திச் செல்வது தடுக்கப்பட்டது. 1993, 1994ஆம் ஆண்டுகளில் தடை நிலவிய நாட்களில், மற்றைய நாட்களைவிடக் கொலைகள் நூற்றுக்கு 14 வீதம் குறைந்திருந்தன என்று 2000இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று.

வட்டகொடையிலிருந்து எழுதும் எனக்கு இச்செய்தி அயலானதாகத் தோன்றவில்லை. தோட்டத்தில் சம்பள நாள் கடன் தீரும் நாள். தவறணை நிரம்பும் நாளும் அதுவே. லயத்துச் சச்சரவுக்குத் துப்பாக்கி எதற்கு? கவ்வாத்துக் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

“குடிவெறி” என்ற ஒரே சொல்லால் ஒவ்வொரு கொலையையும் நாம் மூடிவிடுகிறோம். வெட்டுக்காயத்தோடு வருவோரைப் பற்றி நாள், வேளை, இடம், ஆயுதம் என்ற நான்கையும் தோட்ட வைத்தியசாலைகள் குறித்து வைக்கட்டும், பெயர் வேண்டாம். எந்த மாலையில், எந்த லயத்துக்குக் காவலும் சமாதானம் பேசுவோரும் போகவேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லிவிடும். தண்டனை கொலைக்குப் பின்னரே வரும். இக்கணக்கோ முன்னரே போய்ச் சேரக்கூடியது.